காது பின்னால் போக வேண்டும்

மோட்டார்த் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் வீடு தேடி வந்து, சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். "அண்ணே, நம்ம ஆளுங்களுக்குப் பிரயோசனமா இருக்கணும். யாரையும் திட்டாம எழுதுங்க" என்று வாசல் படலையடியில் நின்று இன்னொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனார். பிரயோசனமாக எழுதுகிறேன். திட்டாமல் எழுதுவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை.

நான் பேனாவை எடுத்ததற்குக் காரணம் செயலாளர் அல்ல, கலேவெலயிலிருந்து வந்த ஒரு வெங்காய வியாபாரி. இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள் அல்லவா, இப்போது கையில் நாலு காசு புரளுகிறவன் எல்லாம் காருக்கு வெளிநாட்டுச் சக்கரம் வாங்கி மாட்டுகிறான். இவரும் மாட்டியிருந்தார். நாலும் புதுக் கும்பா மாதிரி மின்னின. காரை என் வீட்டு வாசலில் நிறுத்தி, "ராமையா அண்ணே, இதுக்கு என்ன போட்டுத் தொடைச்சா மினுக்கம் போவாது?" என்று கேட்டார்.

"பூட்டி எத்தனை நாளாச்சு? ஒரு பயணம் போய் வந்த பொறகு நட்ட மறுபடி இறுக்கிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கடையிலயே பார்த்துட்டாங்க. நான் கேக்குறது மினுக்கத்துக்கு."

குனிந்து முன்சக்கரத்தின் ஒரு நட்டை விரலாலேயே திருகிக் காட்டினேன். மனிதருக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. கலேவெலயிலிருந்து பெண்சாதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த நட்டோடுதான் வந்திருக்கிறார். மினுக்கம் கேட்கிறாராம், மினுக்கம்! எண்ணெய் போட்டுத் துடையுங்கள், புளி போட்டுத் துடையுங்கள், வேண்டுமானால் பொட்டு வைத்துப் பூச் சாத்துங்கள். அதற்கு முன்னால் சக்கரம் வண்டியில் இருக்க வேண்டுமே!

சரி, பிரயோசனத்துக்கு வருகிறேன்.

நான் ரத்தோட்டைப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். தோட்டத்து லொறியைக் கழுவி, டயர் கழற்றி, பிறகு பெரிய தொரையின் காருக்குக் கை வைக்கிற அளவுக்கு வந்தேன். அந்த வெள்ளைக்காரத் தொரையிடம் யுத்தத்துக்கு முந்திய ரெண்டு சீட்டுக் கார் ஒன்று இருந்தது. அதற்குக் கம்பிச் சக்கரம், சைக்கிள் சக்கரம் மாதிரி, ஆனால் கம்பி எண்ணி முடியாது. நாலு நட்டு, ஐந்து நட்டு என்ற கதையெல்லாம் அதில் இல்லை. சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு ரெண்டு காது நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதில் ஈயச் சுத்தியலால் அடித்துத்தான் இறுக்கவும் கழற்றவும் வேண்டும். தொரைக்குத் தமிழில் வசவைத் தவிர ஒரே ஒரு வாக்கியம் ஒழுங்காக வரும். நான் சுத்தியலைத் தூக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் நின்று சொல்லுவார்: "காது பின்னால போகணும்!"

அதாவது, இறுக்கும்போது மேலே இருக்கிற காது வண்டியின் பின்பக்கம் பார்த்துப் போக வேண்டும். முன்பக்கம் போனால் கழன்றுகொள்ளும். வலமோ இடமோ, எந்தப் பக்கச் சக்கரமானாலும் இதுதான் சட்டம். நான்கு வருஷம் இதைக் கேட்டேன். தொரை தோட்டத்தை விற்றுக் கப்பலேறினார். நான் டவுனுக்கு வந்து ஹனீபா முதலாளியின் கராஜில் சேர்ந்தேன்.

ஹனீபா முதலாளி மாத்தளையில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். கைசுத்தமான மனிதர். ஆனால் படித்தவனைக் கண்டால் உருகிப்போவார். அப்படி உருகித்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கனகசபை என்ற ஃபோர்மனைக் கொண்டுவந்து எங்கள் தலையில் வைத்தார்.

அந்த மனிதரை நான் விவரிக்காமல் விட்டால் என் சோறு செரிக்காது. வெள்ளை ட்ரில் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, நெற்றியில் மூன்று குறி. எண்ணெய்க்கும் கிரீசுக்கும் நடுவில் எட்டு மணி நேரம் நிற்பார், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சட்டையில் ஒரு புள்ளி இருக்காது. எப்படி இருக்கும்? கை வைத்தால்தானே! நட்டுச் சாவி, சுத்தியல் எதையும் தொடமாட்டார். காதில் செருகிய பென்சிலை எடுத்து நீட்டுவார். அது எங்கே நீளுகிறதோ அங்கே நாம் குனிய வேண்டும். ஒரு வேலை சரியாக முடிந்தால் "ம்" என்பார். பிழைத்தால் "இதுக்கோ உமக்குச் சம்பளம்?" என்று பத்துப் பேருக்குக் கேட்கக் கேட்பார். எனக்கு அவரைவிட நாலைந்து வயதுதான் குறைவு. என்றாலும் நான் அவருக்கு எப்போதும் "உந்த ஆள்"தான். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். லொறியிலும் பஸ்ஸிலும் மனிதர் கெட்டிக்காரர். இருபது வருஷம் அதிலேயே ஊறினவர். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் போதும், எந்த வால்வு தட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். வினையே அங்கேதான் வந்தது. லொறி தெரிந்தவனுக்கு எல்லாம் லொறிதான்.

கேஸ் இதுதான். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சின்னத்தொரை, கொழும்பில் வளர்ந்த பையன், பச்சை நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தான். நுவரெலியாவில் மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டப்போகிறானாம். அதற்குச் சாதாரணத் தகட்டுச் சக்கரம் கௌரவம் இல்லையாம். ஊரைவிட்டுப் போகிற யாரோ தொரையிடம் கம்பிச் சக்கரம் நாலு வாங்கி, கோணிச் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தான். சாக்கை அவிழ்த்தேன். பங்களாவில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், கம்பியின் வெள்ளிப் பூச்சு பாதி போய்விட்டது. நடுத்துளைப் பல்லில் மட்டும் பத்து வருஷத்துச் செம்மண். முகத்தைக் கழுவிப் பல் விளக்காத மாப்பிள்ளை.

வேலையை ஒழுங்காகத் தொடங்கினேன். சின்ன நட்டுச் சாவியால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்த்தேன். இறுக்கமான கம்பி கிணுங்கும், தளர்ந்த கம்பி 'டொக்' என்று செத்த சத்தம் போடும். தளர்ந்ததைச் சாக்குக்கட்டியால் குறித்துச் சுற்றி இறுக்கினேன். கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் அராவி, ரிம்முக்கு ரப்பர்ப் பட்டி சுற்றினேன். நடுத்துளைக்குள் இருக்கிற பல்லை மண்ணெண்ணெய்யில் தூரிகை போட்டுக் கழுவி, துடைத்து, கிரீஸ் பூசினேன். ரெண்டு நாள் வேலை. ஒருத்தன் "ம்" சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாட்டுகிற வேலை. தகட்டுச் சக்கரம் இருந்த இடத்தில் கம்பிச் சக்கரம் நேராக உட்காராது. முதலில் பல் வெட்டிய குடம் ஒன்றைப் பழைய நட்டால் பூட்ட வேண்டும், அந்தக் குடத்தின் மேல்தான் சக்கரம் ஏறும். குடம் நாலு. ரெண்டுக்கு இடதுபுரி, அதாவது நட்டை இடப்பக்கம் சுற்றினால் இறுகும்; ரெண்டுக்கு வலதுபுரி, வலப்பக்கம் சுற்றினால் இறுகும். எது எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. தொரை சொன்ன சட்டப்படி பார்த்தால் வண்டியின் இடப்பக்கத்துக்கு வலதுபுரி வர வேண்டும், வலப்பக்கத்துக்கு இடதுபுரி. அப்போதுதான் இறுக்கும்போது காது பின்னால் போகும். நான் அப்படியே எடுத்து வைத்தேன்.

ஃபோர்மனின் பென்சில் நீண்டது.

"உது என்ன பக்கம் மாறிக் கிடக்குது? இடப்பக்கத்துக்கு இடதுபுரி. லொறியில பார்த்ததில்லையோ?"

லொறியில் அப்படித்தான். பொய் இல்லை. இடப்பக்கத்து நட்டெல்லாம் இடதுபுரி. ஆனால் லொறிச் சக்கரம் சுற்றிவரப் பல நட்டில் நிற்கிறது, இது நடுவில் ஒற்றை நட்டில் நிற்கிறது. ஓடும்போது குடத்தின் மேல் மயிரிழை அசையும். அந்த அசைவு நட்டை ஒரு பக்கமாகவே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும். சரியான புரி போட்டால் இறுகும் பக்கம் தள்ளும், மாறிப் போட்டால் கழலும் பக்கம் தள்ளும்.

"ஐயா, இது லொறிக்கு எதிர்ங்க. பெரிய தொரை கார்ல நான் நாலு வருஷம்..."

"எந்தத் தொரை? உமக்குத் தொரைமாரோ படிப்பிச்சவை?" என்றார். லொறிக்கு அடியில் படுத்திருந்தவன்கூட வெளியே தலையை நீட்டிச் சிரித்தான். "சொன்னதைச் செய்யும். எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்."

செய்தேன். இடதுபுரியை இடப்பக்கத்தில் பூட்டினேன். சக்கரத்தை ஏற்றினேன். நட்டைக் கையால் திருகி, ஈயச் சுத்தியலை ஓங்கினேன். மேலே இருந்த காது முன்னால் போனது. நாலு சக்கரத்துக்கும் நாலு காது, எல்லாம் முன்னால். அடிக்க அடிக்கச் சத்தம் மாறி, இறுகிவிட்டது என்று தெரிகிற வரைக்கும் அடித்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. மனதுக்குள் ஒன்றுதான் ஓடியது: நல்லா இருய்யா. நாளைக்கே சின்னத்தொரை 'கடகட'ன்னு ஆடுதுன்னு கொண்டாந்து நிறுத்துவான். அன்னிக்கு இந்தச் சட்டையும் பென்சிலும் என்ன ஆகுதுன்னு பார்க்கிறேன்.

மத்தியானம் தோட்டத்திலிருந்து டெலிபோன். சின்னத்தொரைக்குக் கீழே வர நேரமில்லையாம், காரைக் கொண்டுவந்து விடவாம். முதலாளி பியசேனவைக் கூப்பிட்டார்.

பியசேன எங்கள் கராஜ் டிரைவர். வஹகோட்டைக்குப் பக்கத்தில் வீடு. ஒன்பது வருஷமாக நானும் அவனும் ஒரே பெஞ்சில் சோற்றுப் பார்சலை அவிழ்க்கிறவர்கள். என் தேங்காய்ப் பொல் சம்பல் அவனுக்கு, அவன் கருவாட்டுப் பொரியல் எனக்கு. அவன் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்து, கண்ணாடியில் மீசையைப் பார்த்து, "மச்சான், இன்னிக்கி நான்தான் தொர!" என்று சிரித்தான்.

நான் பக்கத்தில் போனேன். வாயைத் திறந்தேன். பத்தடி தள்ளி ஃபோர்மன் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெல்லப் போ" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தோட்டைக்குப் போகும் முன்பே, ஒரு வளைவில் எதிரே பஸ் வரக் கண்டு, வலது கையை வெளியே நீட்டி மெதுவாகப் போகிறேன் என்று சைகை காட்டியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து முன்வலச் சக்கரம் கழன்று, அவனுக்கு முன்னாலேயே உருண்டு கொக்கோ மரங்களுக்குள் போய்விட்டது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து மதகுக் கட்டோடு உரசி நின்றது. கதவுக்கும் கட்டுக்கும் நடுவில் அவன் கை. மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

பொலிசிலிருந்து எழுத்தில் காரணம் கேட்டார்கள். ஃபோர்மன் உட்கார்ந்து அழகான இங்கிலீஷில் எழுதினார். சாரதி மட்டுமீறிய வேகத்தில் போயிருக்கிறான். அல்லது மாட்டினவன் நட்டைப் போதிய பலத்தோடு அடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயை ரெண்டாக வெட்டி, ஆளுக்குப் பாதியாகச் சோற்றில் மறைத்தார். முதலாளி அதைப் படித்துவிட்டு, பின்பாதியை வெட்டச் சொன்னார். கராஜ் வேலையில் பிழை என்றால் கராஜுக்குக் கெட்ட பேர். சாரதியின் வேகம் என்றால் சாரதியோடு போயிற்று. பியசேனவின் லைசன் போய்விடும், வேலை போய்விடும், கோர்ட்டுக்கும் ஏற வேண்டியிருக்கும். அவன் மாத்தளை ஆஸ்பத்திரியில் கையில் மாவுக்கட்டோடு கிடக்கிறான். அவன் பெண்சாதி கராஜ் வாசலில் வந்து நின்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போனாள்.

எனக்கு ஆவேசம் வந்தது. நேரே முதலாளியின் அறைக்குள் போனேன்.

"மொதலாளி, அந்தக் கடுதாசிய அனுப்பாதீங்க. பியசேன வேகமாப் போவல. நட்டு தானாக் கழண்டிருக்கு. நான் காட்டுறேன்."

"எப்பிடி காட்டுற?"

"ஒரு சாக்குக்கட்டி போதுங்க. ஆனா நட்ட நான் அடிக்கமாட்டேன். ஃபோர்மன் ஐயா அடிக்கட்டும்."

மறுநாள் காலையில் கராஜ் முழுதும் வேலையை விட்டுவிட்டு முற்றத்தில் கூடியது. உடைந்த பக்கத்தில் முன்சக்கரத்துக்குப் பழைய தகட்டுச் சக்கரத்தையே மாட்டி, வண்டியை உருளுகிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். மற்ற மூன்றும் கம்பிச் சக்கரம். சுத்தியலை ஃபோர்மனிடம் நீட்டினேன். வாங்கினார். சட்டைக் கையை மடித்தார். அந்தக் கை வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு காதிலும் பத்துப் பதினைந்து அடி, வேர்வை ஒழுக ஒழுக அடித்தார். அதன் பிறகு நான் ஒவ்வொரு நட்டின் காதிலிருந்தும் சக்கரத்தின் மேல் வரைக்கும் நேராக ஒரு வெள்ளைக் கோடு போட்டேன்.

முதலாளியே வண்டியில் ஏறினார். மாட்டு வண்டி வேகத்தில் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினார். ஆறு தடவை. இறங்கிக் குனிந்து பார்த்தார். கோடு துண்டாகியிருந்தது. சக்கரத்தில் ஒரு துண்டு, காதில் ஒரு துண்டு, நடுவில் ஒரு விரல் இடைவெளி. மூன்று சக்கரத்திலும், கழலும் பக்கமாக.

பிறகு பின்னிரண்டு குடத்தையும் கழற்றிப் பக்கம் மாற்றிப் பூட்டினேன். மறுபடி ஃபோர்மன் அடித்தார். இந்தத் தடவை காது பின்னால் போனது. மறுபடி கோடு, மறுபடி ஸ்டேஷன், மறுபடி ஆறு தடவை. பின்சக்கரம் ரெண்டிலும் கோடு போட்டது போட்டபடி நின்றது.

நான் ஃபோர்மனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லப்போகிறார், ஏதாவது சாக்கு, ஏதாவது இங்கிலீஷ், என்று காத்திருந்தேன். அதைத் தின்பதற்கு எனக்கு வயிறு காலியாக இருந்தது.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "முதலாளி, பிழை என்ரதான். உந்த ஆள்... ராமையா அண்டைக்கே சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. பொலிசுக்கு அப்பிடியே எழுதித் தாறன்" என்றார்.

எழுதியும் கொடுத்தார். முதலாளி பெருமூச்சு விட்டு, "என்னத்த செய்ற, உண்மை ஈக்கிற பக்கம்தான் நிக்கோணும்" என்று கையெழுத்துப் போட்டார். பியசேனவுக்கு வேலையும் போகவில்லை, லைசனும் போகவில்லை. ஃபோர்மன் மாதக் கடைசியில் தானாகவே வேலையை விட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். அந்த மனிதர் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். இத்தனை வருஷமாக அவரை நினைக்கும்போதெல்லாம் வெள்ளைச் சட்டையை மட்டும் நினைத்துச் சிரிக்கப் பார்க்கிறேன். அந்தச் சொல் வந்து குறுக்கே நிற்கிறது.

அன்று சாயங்காலம் நல்ல செய்தியைச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெற்றி பெற்றவன் மாதிரித்தான் போனேன், மறைப்பானேன். கோடு பிரிந்தது, ஃபோர்மன் வேர்த்தது, ஊரே பார்த்தது, எல்லாவற்றையும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நடித்தே காட்டினேன். பியசேன சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஃபோர்மன் சொன்னதை நான் அப்படியே சொன்னபோது சிரிப்பு நின்றது.

"அன்னிக்கேன்னா? எந்த அன்னிக்கி மச்சான்?"

"மாட்டுன அன்னிக்கித்தான்."

மாவுக்கட்டைத் தடவினான்.

"காருக்குப் பக்கத்துல நின்னு 'மெல்லப் போ'ன்னு சொன்னே. ஒம்பது வருஷமா நீ எனக்கு மெல்லப் போன்னு சொன்னதே இல்ல. நானும் யோசிச்சேன், ஏன் இவன் இன்னிக்கி இப்பிடிச் சொல்றான்னு. நீ தெரிஞ்சுதானே சொன்னே?"

"ஃபோர்மன் பார்த்துக்கிட்டு இருந்தாருடா" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் அதைவிடக் கேவலமான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. ஒரு மனிதனின் மூக்கு உடைவதைப் பார்க்க ஆசைப்பட்டு, இன்னொருவனின் கையை உடைத்தவன் நான். பென்சில் பிடித்தவனுக்குத் தெரியாது. சுத்தியல் பிடித்தவனுக்குத் தெரியும்.

அவன் திட்டவில்லை. "ஹரி, சரி, போயிட்டு வா மச்சான்" என்றான்.

நாலு மாதத்தில் வேலைக்குத் திரும்பினான். மணிக்கட்டு முழுதாக மடங்காது, என்றாலும் ஸ்டியரிங் பிடித்தான். பழையபடி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கருவாடும் வந்தது, சம்பலும் போனது. மாறியது ஒன்றே ஒன்று. கராஜிலிருந்து ஒரு வண்டியை எடுக்கும் முன், சக்கரம் மாட்டினது யார் என்று கேட்பான். வேறு யாராவது என்றால் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிடுவான். ராமையா என்றால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மடங்காத கையால் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்ப்பான். நான் ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் பார்த்தான்.